முறைக்காய்ச்சலும் ஏரி நாடும்

பெரம்பலூரும் அரியலூரும் முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாய் இருந்தவை. 1995-இல் பெரம்பலூரும், 2007-இல் முடிவாக அரியலூரும் தனி மாவட்டங்களாயின. மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இடைப்பட்ட நிலம் பெரும்பாலும் வானையும் ஏரியையும் நம்பியது. முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் அமைத்த சோழகங்கம் இன்று பொன்னேரி என வழங்குகின்றது. நீரைத் தேக்கி வாழ்ந்த இத்தகைய நாட்டிற்குத் தேங்கிய நீரே நோய்க்கும் வாயிலாகுமோ? இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். மலேரியா என்னும் சொல் இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' எனப் பொருள்படும். நம் நாட்டார் இந்நோயை முறைக்காய்ச்சல் என்றனர். ஒருநாள் விட்டோ இருநாள் விட்டோ, குளிரும் நடுக்கமும் முன்வர, முறை தவறாது மீளுதலின் இப்பெயர் பெற்றது. மேனாட்டுப் பெயர் காரணம் கூறப்புகுந்து பிழைபட்டது. தமிழ்ப் பெயரோ கண்டதனை மட்டும் கூறிற்று. எனினும், காரணம் அறியாத வரையில் இரண்டனுள் எதுவும் மக்களைக் காத்திலது. 1897 ஆகஸ்டு 20-இல் சிக்கந்தராபாத்தில் அனாபிலிசு கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமியை ரொனால்டு ராசு கண்ட பின்னரே வழி புலனாயிற்று.

நம் வினாவிற்கு விடை தருவது அண்டைத் தஞ்சை நாட்டுப் பட்டுக்கோட்டையின் வரலாறு. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. கல்லணைக் கால்வாய் அவ்வறண்ட வட்டத்திற்குக் காவிரி நீரைக் கொணர்ந்தது. நெல்லோடு காய்ச்சலும் பெருகிற்று. ராக்பெல்லர் நிறுவனத்தைச் சார்ந்த பால் ரசல் குழுவினர் அங்கு ஆராய்ந்து, வயலை இடைவிட்டுக் காயவிடுதல், வீட்டினுள் பைரீத்திரம் தெளித்தல் முதலிய முறைகளைச் சோதித்தனர். ஆகவே, பகை நீரன்று. நீரை ஆளும் முறையில் நேர்ந்த சோர்வே பகை என்க.

விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7.5 கோடி மக்கள் இந்நோயுற்றனர். 8 இலட்சம் பேர் மாண்டனர் எனக் கணக்கிட்டனர். 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தோன்றின. ஊர்தோறும் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பெற்றது. 1965-இல் நோயுற்றோர் தொகை ஓரிலட்சம் அளவிற்குக் குறைந்தது. ஆனால், கொசுக்கள் மருந்தினைத் தாங்கும் ஆற்றல் பெற்றன, கண்காணிப்பும் தளர்ந்தது. 1976-இல் அத்தொகை 64 இலட்சத்தை எட்டிற்று. இலங்கையிலும் 1963-இல் பதினெழுவராகக் குறைந்த நோயாளர் தொகை, அப்பத்தாண்டின் இறுதியில் இலட்சக்கணக்காயிற்று. எனினும், அயரா முயற்சியால் 2016-இல் அந்நாடு மலேரியா அற்றதென உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

உடலில் முறைவைத்து மீளும் இந்நோய், சோர்ந்த நாட்டிலும் அவ்வாறே மீளும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படும். இன்று இந்தியா 2030-ஐ ஒழிப்பின் எல்லையாகக் கொண்டுள்ளது. பாசி மண்டிய ஏரிக்கரையும், மூடப்படாத நீர்த்தொட்டியும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் தேங்கும் மழைநீரும் கவனிக்கற்பாலன. பிறவிடத்துத் தங்கித் திரும்புவோர்க்குக் காய்ச்சல் கண்டவுடன் குருதிச் சோதனையும் வேண்டும். ஏரி வெட்டியோர் அதனைத் தூர்வாரிக் காக்கும் கடனையும் நமக்கு விட்டுச்சென்றனர். அக்கடன் வேளாண்மைக்கு மட்டும் உரியதன்று. மக்கள் உயிர்க்கும் உரியது என்பதே யாம் கண்ட முடிபு.