நுரையீரல் கட்டியும் அறுவைச் சிகிச்சையும்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியினர் 1823ஆம் ஆண்டில் ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினர். அதன் வழிவந்ததே கோரிமேட்டில் இன்று விளங்கும் ஜிப்மர் மருத்துவமனை. நுரையீரலில் கட்டி என்று அறிந்து இத்தகைய மருத்துவமனைகளை நாடும் குடும்பத்தாருள், 'உடனே அறுத்து எடுத்துவிடுங்கள்' என்பார் ஒரு சாரார். 'கத்தி பட்டால் புற்று பரவும்' என்று அஞ்சுவார் மறு சாரார். இரண்டுமே பொருந்தா என்பதை இச்சிகிச்சையின் வரலாறு காட்டுகிறது.

நெஞ்சைத் திறந்தால் நுரையீரல் சுருங்கி மூச்சு தடைப்படும். ஆதலின், மயக்க மருந்தும் குழாய்வழிக் காற்றைச் செலுத்தும் முறையும் வரும்வரை மருத்துவர் அங்கே கத்தி வைக்கத் தயங்கினர். 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் இவார்ட்ஸ் கிரஹாம், புற்றுற்ற ஒருவரின் இடப்பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் அகற்றினார். அந்நோயாளி ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். கத்தி பட்டதனால் புற்று பரவிவிடவில்லை.

ஆனால், நெடுங்காலம் புகைபிடித்திருந்த கிரஹாமையே 1957இல் அதே நோய் பற்றியது. இரு நுரையீரல்களிலும் அது பரவியிருந்தமையால், அறுவைக்கு வழி கண்ட அவருக்கே அறுவைக்கு இடமில்லாது போயிற்று. அவ்வாண்டே அவர் காலமானார்.

பின்வந்த ஆய்வுகள் எல்லையை வகுத்தன. விரைந்து பரவும் சிற்றணு வகைப் புற்றில், அறுவையினும் கதிர்வீச்சே மேல் எனப் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 1973இல் காட்டியது. இரண்டு செண்டிமீட்டருக்கு மேற்படாத சில கட்டிகளுக்கு மடல் முழுவதையும் நீக்காமல் ஒரு கூறு மட்டும் நீக்கினாலே போதுமென 2022இல் ஜப்பானிய ஆய்வு உணர்த்தியது.

ஆகவே மருத்துவர் மூன்றைப் பார்க்கின்றனர்: கட்டி எவ்வகையது? நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கோ பிற உறுப்புகளுக்கோ பரவியுள்ளதா? எஞ்சும் நுரையீரல் நோயாளியின் மூச்சைத் தாங்குமா? பரவாத தொடக்க நிலையில், உடல் தாங்குமாயின், அறுவையே முதல் வழி. தாங்காதெனில் குறிவைத்துச் செலுத்தும் கதிர்வீச்சு உண்டு. பரவியிருப்பின் மருந்துகள் உண்டு.

நம் நாட்டில் எக்ஸ்ரே நிழலைக் காசநோயென்று கருதித் திசுச் சோதனையின்றி மாதங்களைக் கழிப்பதும் நேர்கிறது. அறுவைக்குரிய காலம் அதிலேயே கழிந்துவிடலாம். எனவே வீட்டார் அம்மூன்று கேள்விகளையும் மருத்துவரிடம் தயங்காது கேட்க வேண்டும். 'அறுவை வேண்டாம்' என்று அவர் சொன்னால், நோயாளியைக் கைவிட்டதாக எண்ணாமல், அடுத்த சிகிச்சை யாது என்று அன்றே வினவுவதே தக்கது.