கயிறு கட்டிய தீவுகள்

கொச்சிக் காயலின் நடுவே கிடக்கும் வெலிங்டன் தீவு முழுவதும் இயற்கை ஈன்ற நிலமன்று. 1920ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, காயலின் அடியைத் தோண்டிக் கப்பல்கள் வருதற்கேற்ற ஆழம் உண்டாக்கினார். தோண்டிய மண்ணைக் குவித்து நிலம் உண்டாக்கினார். துறைமுகத்தின் வாயிலை அடைத்துக் கிடந்த மணல்திட்டு அறுக்கப்பட்டு, 1928 மே மாதத்தில் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்ளே நுழைந்தது. அந்நிலம், சென்னை மாகாண ஆளுநராக இருந்த வெலிங்டன் பிரபுவின் பெயரைப் பெற்றது. இவ்வரலாறு நம் சங்கத்து அன்பர் பலரும் அறிந்ததே. ஆயினும், நாம் நாள்தோறும் பாலங்கடந்து சென்று பணியாற்றும் இத்தீவிலிருந்துதான், ஏறத்தாழ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மற்றொரு தீவுக்கூட்டத்தின் வாழ்வு இயங்குகிறது என்பதை நம்மில் எத்துணை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இலட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகமும், அத்தீவுகளுக்குச் செல்லும் கப்பல்களின் துறையும் இங்கேதான் உள்ளன.

இலட்சத்தீவின் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். கொச்சி மாநகராட்சியின் பரப்பில் அது மூன்றிலொரு பங்கு. 36 தீவுகளில் மக்கள் வாழ்வன பத்து மட்டுமே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. ஆனால் இச்சிறு நிலத்தைக் கொண்டே இந்தியா தன் உரிமைக்குட்படுத்தியிருக்கும் கடற்பரப்போ ஏறத்தாழ நான்கு லட்சம் சதுர கிலோமீட்டர்! கடலுக்கு அப்பால் கைப்பிடியளவு நிலம். அதனைச் சுற்றிக் கண்ணுக்கெட்டாத செல்வம். இத்தகைய நிலத்தை ஓர் அரசு எவ்வாறு தன்வசம் வைத்திருக்கிறது? கொடியாலும் கப்பற்படையாலும் என்று விடை கூறுவது எளிது. இத்தீவுகளின் நானூறு ஆண்டு வரலாறோ வேறு விடை கூறுகிறது.

தமிழ் மன்னர் தொடர்பை முதலில் சொல்லிவிடுதல் முறை. முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் பிற்பகுதியில் கடல்நடுவே உள்ள பழந்தீவுகள் பலவற்றை வென்றதாக அவனது மெய்க்கீர்த்தி பேசுகிறது. அவை மாலத்தீவுகள் என்பர் அறிஞர். இலட்சத்தீவுகளையும் சேர்த்துக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும் அது வெற்றிச் செய்தியே. தீவுகளைச் சோழர் எவ்வாறு ஆண்டனர், அங்கிருந்து கொண்டதென்ன, கொடுத்ததென்ன என்பவற்றைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆகவே அதனைப் பெருமையாகக் கொள்ளலாமேயன்றி, நம் வினாவுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

சான்று தொடங்குவது கயிற்றில். தீவுகளில் நெல் விளைவதில்லை. மண் பவளமணல், அதில் செழிப்பது தென்னை. கடலில் மீன் உண்டு. ஆகவே வயிற்றுக்கு வேண்டிய அரிசி கடல் கடந்து வந்தாக வேண்டும். அதற்கு ஈடாகக் கொடுக்கத் தீவினரிடம் இருந்தது தேங்காய்நார்க் கயிறு. மட்டையைக் கடலோர மணலில் புதைத்து ஊற வைத்து, அடித்து நாராக்கித் திரித்தவர் பெண்டிர். அதனை ஓடங்களில் ஏற்றி மலையாளக் கரைக்கும் மங்களூருக்கும் கொண்டு சென்றவர் ஆடவர். மரக்கலங்களின் காலத்தில் கயிறு சிறு பொருளன்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இத்தீவுகளை நாடி வந்ததும் தம் கப்பல்களுக்கு வேண்டிய கயிற்றுக்காகவே. அமினித் தீவில் பலவந்தமாக இறங்கிய அவர்களை அத்தீவினர் நஞ்சூட்டிக் கொன்றனர் என்பது இன்றும் அங்கு வழங்கும் வரலாறு.

கோலத்திரி மன்னரிடமிருந்து தீவுகள் கண்ணனூர் அறக்கல் அரசரிடம் சென்றது அதே நூற்றாண்டில். அறக்கல் குடும்பம் கேரளத்தின் ஒரே முசுலிம் அரச மரபு, தீவினரும் முசுலிம்கள். சமயம் ஒன்று, மொழியும் ஏறக்குறைய ஒன்று. இவ்வாட்சி நிலைத்திருக்க வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அறக்கல் அரசு அரசனாக மட்டும் இருக்கவில்லை, கடைக்காரனாகவும் இருந்தது. கயிற்றை வேறெவருக்கும் விற்கலாகாது; அரண்மனையின் ஆட்களே கொள்வர். விலையும் அவர்கள் சொன்னதே. அதற்கு ஈடாகத் தரும் அரிசியின் அளவும் அவர்கள் சொன்னதே. மக்கள் திரித்த கயிறே அவர்களைக் கட்டிய கயிறாயிற்று.

இதன் விளைவை 1780களில் காண்கிறோம். அமினித் தீவினர் சிலர் துணிந்து கடல் கடந்து மங்களூர் சென்றனர். அங்கிருந்த திப்பு சுல்தானிடம், தம் தீவுகளை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினர். அறக்கல் பீவிக்கும் திப்புவுக்கும் அப்போது நல்லுறவு இருந்தது. பேச்சு நடந்தது, அமினி, கடமத்து, கில்தான், செத்லத்து, பித்ரா ஆகிய ஐந்து தீவுகளும் கைமாறின. பீரங்கி எதுவும் முழங்கவில்லை. கயிற்றின் விலை நியாயமாக இருந்திருந்தால் அவ்வோடம் மங்களூருக்குப் புறப்பட்டிராது என்பதே என் துணிபு. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவ்வைந்து தீவுகளும் கும்பெனி வசமாகி, மங்களூரிலிருந்து ஆளப்பட்டன. கும்பெனியும் கயிற்று ஏகபோகத்தை விட்டுவிடவில்லை என்பது வேறு செய்தி!

எஞ்சிய தீவுகளை அறக்கல் அரசு இழந்த கதை இன்னும் வருந்தத்தக்கது. 1847 ஏப்ரலில் பெரும்புயல் ஒன்று ஆந்திரோத்து, கல்பேனி முதலிய தீவுகளைச் சூறையாடியது. தென்னை சாய்ந்தால் கயிறில்லை, கயிறில்லையேல் அரிசியில்லை, அரசனுக்கும் வருவாயில்லை. நிலைமையைக் கண்டறியக் கும்பெனி அனுப்பிய அதிகாரி வில்லியம் ராபின்சன் எழுதிய அறிக்கை, தீவுகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய ஆவணங்களுள் மதிப்பு மிக்கது. கும்பெனிக்கு அறக்கல் அரசு செலுத்த வேண்டிய திறை பாக்கி நின்றது. 1854இல் தீவுகளைக் கும்பெனி தன் பொறுப்பில் எடுத்தது. 1861இல் அவை திருப்பிக் கொடுக்கப்பட்டன. 1875இல் ஆங்கில அரசு அவற்றை மீண்டும் எடுத்தது. இறுதியில் 1905இல், ஆண்டுக்கு 23,000 ரூபாய் மாலிகானாவுக்கு ஈடாக அறக்கல் குடும்பம் தன் இறைமையையே எழுதிக் கொடுத்தது. இறைமை என்னும் பெருஞ்சொல் ஒரு கணக்கேட்டின் பாக்கிப் பத்தியில் கரைந்ததை இங்குக் காண்கிறோம். என் போன்ற குமாத்தாக்களுக்கு இதில் வியப்பில்லை.

இவ்வாறாகத் தீவுகள் முழுவதும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தன. அமினித் தொகுதி தென்கன்னட மாவட்டத்திலும், மற்றவையும் மினிக்காயும் மலபார் மாவட்டத்திலும் இருந்தன. ஜார்ஜ் கோட்டையிலிருந்து பார்த்தால் அவை மாவட்டத்தின் வால்நுனி. கடல் அமைதியாக உள்ள மாதங்களில் ஓர் அதிகாரி சென்று பார்வையிட்டு வருவார். மற்ற நாட்களில் அமீன்களும் காரணிகளுமே அரசு. மருத்துவமும் பள்ளியும் பெயரளவிலேயே இருந்தன. ஆயினும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். 1912ஆம் ஆண்டு விதிகள் வழக்குகளை உள்ளூர் வழக்கப்படி தீர்க்க இடமளித்தன. வெளியார் உள்ளே வந்து குடியேறி நிலத்தைக் கைப்பற்றாதவாறும் காத்தன. புறக்கணிப்பும் பாதுகாப்பும் ஒரே கோப்பில் இருந்த காலம் அது.

1947ஆம் ஆண்டு பற்றி ஒரு கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. பாகிஸ்தான் கப்பல் ஒன்று தீவுகளை நோக்கி விரைந்ததாகவும், சர்தார் படேலின் ஆணையால் நம்மவர் முந்திச் சென்று கொடியேற்றியதாகவும், அதற்கு ஆற்காடு முதலியார் சகோதரர்களின் பங்கு இன்றியமையாதது என்றும் கூறுவர். கேட்க இனிமையான கதைதான். தமிழர் பெயர் வருவதால் நமக்கு இன்னும் இனிமை. ஆனால் சட்டத்தை நோக்குவோம். இலட்சத்தீவு ஒரு சமஸ்தானமன்று. அது இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிய மன்னர் எவரும் இல்லை. 1947 ஆகஸ்டு 15 அன்று அது சென்னை மாகாணத்தின் இரு மாவட்டங்களில் அடங்கிய நிலம். மாகாணம் இந்தியாவில் நின்றபோதே தீவுகளும் நின்றன. மாவட்ட ஆட்சியரின் பதிவேடு கொடிமரத்துக்கு முன்பே அங்கே ஊன்றப்பட்டிருந்தது.

மினிக்காயில் மட்டும் ஒரு சிக்கல் எஞ்சியது. 1885இல் ஆங்கிலேயர் எழுப்பிய கலங்கரை விளக்கம் விடுதலைக்குப் பின்னும் சில ஆண்டுகள் பிரிட்டனின் பொறுப்பிலேயே இருந்தது. மினிக்காய் மக்கள் பேசுவது மகல் மொழி. மாலத்தீவினரின் மொழியும் அதுவே. மொழி ஒருபுறம், விளக்கு ஒருபுறம், ஆட்சி ஒருபுறம் என்று மூன்றாகப் பிரிந்து நின்ற தீவு அது.

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது, தீவுகள் சென்னையை விட்டு நீங்கி ஒன்றிய ஆட்சிப்பகுதி ஆயின. தொடக்கத்தில் தலைமையகம் கோழிக்கோட்டில் இருந்தது. 1964இல் கவரத்திக்கு மாறியது. ஆளும் அலுவலகம் ஆளப்படுவோரிடையே அமர்ந்தது அப்போதுதான். 1967 முதல் தீவினர் தம் நாடாளுமன்ற உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். 1973இல் இலட்சத்தீவு என்னும் பெயர் வந்தது. 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளியார் தீவுகளுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். “நம் நாட்டிற்குள் செல்ல நமக்கே அனுமதியா?” என்று நண்பர் பலர் சினந்து கேட்டதுண்டு. 32 சதுர கிலோமீட்டர் நிலத்தை விலைக்கு வாங்க நம் நாட்டுச் செல்வர் சிலர் போதும் என்பதை எண்ணினால் அச்சினம் தணியும்.

கடலில் கோடு போடும் வேலை 1976இல் நடந்தது. அவ்வாண்டு இந்தியா தன் கடல் மண்டலங்கள் சட்டத்தை இயற்றியது. டிசம்பரில் மாலத்தீவுடன் எல்லை உடன்பாடு செய்துகொண்டது. மினிக்காய் இந்தியாவின் பக்கம் ஐயமின்றி நின்றது. இதற்கு ஈராண்டு முன்னர், 1974இல், கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சென்றதை நாம் மறக்கவில்லை. இரண்டையும் ஒப்பிடுதல் தகும். மினிக்காயில் ஊர் இருந்தது, பள்ளி இருந்தது, வாக்காளர் பட்டியல் இருந்தது. கச்சத்தீவில் அந்தோணியார் கோயிலும் வலை உலர்த்தும் மணலும் இருந்தன. அம்மணலை நம்பிய மீனவரோ இராமேசுவரத்திலும் அதனைச் சுற்றிய கரையிலும் இருந்தனர். கோடு போட்டவர் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை.

அண்மைக்காலச் செய்திகளைச் சுருங்கச் சொல்வேன். 2011இன் தொடக்கத்தில் சோமாலியக் கடற்கொள்ளையர் இலட்சத்தீவுக் கடல்வரை வந்தனர். நம் கப்பற்படையும் கடலோரக் காவற்படையும் அவர்களை மடக்கின. 2012இல் கவரத்தியில் ‘துவீப்ரக்ஷக்’ கடற்படைத் தளமும், 2024இல் மினிக்காயில் ‘ஜடாயு’ தளமும் எழுந்தன. 2021 ஏப்ரலில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று தீவுகளுக்கு மேற்கே 130 கடல்மைல் தொலைவில், நம் இசைவு கேளாமலே சென்று அதனை அறிவிக்கவும் செய்தது. இந்தியா தன் கவலையைத் தெரிவித்தது.

அதே 2021இல் தீவு மக்கள் வீடுகளில் உண்ணாநோன்பு இருந்ததை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வளர்ச்சி ஆணையம் ஒன்றை அமைக்க வெளியிடப்பட்ட வரைவு விதிகள் தம் நிலத்தைப் பறித்துவிடுமோ என்பது அவர்கள் அச்சம். வளர்ச்சி வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை; தம்மைக் கேட்காமல் வேண்டாமென்றனர். அந்நிய நாட்டுக் கப்பலைப் பற்றிய செய்தி சில நாட்களில் மறைந்தது. நிலத்தைப் பற்றிய அச்சம் அவ்வாறு மறையவில்லை.

நிலமோ கடலாலும் குறைகிறது. பங்காரம் தீவை அடுத்துள்ள பரளி என்னும் சிறுதிட்டுகளுள் ஒன்று முற்றிலும் கரைந்துபோனதை 2017இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கடல்மண்டலத்தை அளப்பது நிலத்தின் விளிம்பிலிருந்து ஆதலின், பவளப்பாறை வெளிறுவதும் இறைமையைப் பற்றிய செய்தியேயாகும்.

மே நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் சிறு கலங்கள் தீவுகளுக்குச் செல்வதில்லை. பெருங்கப்பலையே நம்ப வேண்டும். அந்நாட்களில் வெலிங்டன் தீவின் கப்பல்துறைப் பக்கம் சென்று பார்த்தவர் அறிவர்: மருத்துவமனைக்கு வந்து திரும்பும் முதியவர், கொச்சிக் கல்லூரிகளில் பயிலும் மாணவர், மடியில் குழந்தையோடு தாய்மார், கப்பல் புறப்படுமா என்று அறிவிப்புப் பலகையை நோக்கியபடி இருப்பர். முன்னாளில் அறக்கல் பண்டகசாலை வாசலில் அரிசிக்குக் காத்திருந்தவர்களின் வழிவந்தோர் இவர்கள். இன்று திரும்பி வரும் கப்பல்களில் கயிறு குறைவு. கொப்பரையும் உலர்த்திய சூரைமீனும் மிகுதி. அம்மீன்தான் நம் வீட்டுச் சமையலறையில் ‘மாசி’ என்று வழங்குவது. மாசிச் சம்பல் அரைக்கும் நம் மகளிர்க்கு மினிக்காய் என்னும் பெயர் தெரியாதிருக்கலாம். போகும் கப்பலிலோ இன்றும் முதலில் ஏறுவது அரிசி மூட்டைதான்.