ஸுல்தானின் பித்தளைக் காசு

தில்லை நகரில் என் வீட்டு மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால், தென்னை மரங்களுக்கு அப்பால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் தலை தெரியும். சென்ற மாதம் ஒரு மாலை அங்கே நின்றுகொண்டுதான் அடுத்த வீட்டுப் பிள்ளையும் நானும் இரண்டு மணி நேரம் வாதாடினோம். விஷயம், பிட்காயின். அவனுடைய தகப்பனார் திருவெறும்பூர் பாய்லர் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த தொகையில் பாதியை அதில் போடவேண்டும் என்கிறான் பையன். "நீங்கள் அவனிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள், ஸார்" என்று என் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டு அவர் கோயிலுக்குப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம் சரித்திரம். ஆகவே கோபுரத்தைக் காட்டி ஆரம்பித்தேன்.

1323-ஆம் வருஷம் உலூக்கான் என்ற இளவரசன் தலைமையில் தில்லிப் படை தெற்கே வந்தது. ஸ்ரீரங்கம் சூறையாடப்பட்டது. பிள்ளை லோகாசாரியார் தள்ளாத வயதில் அரங்கனின் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டார். வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. அரங்கன் திரும்பி வந்தது 1371-ல். அந்த உலூக்கான்தான் இரண்டே வருஷத்தில் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரோடு சிம்மாசனம் ஏறினான். (தில்லிக்கும் தில்லை நகருக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் என்று பையன் குறுக்கே ஹாஸ்யம் செய்தான். நான் சிரிக்கவில்லை.)

அவனைப் பைத்தியக்கார ஸுல்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. 1330-ஐ ஒட்டி அவன் செம்பிலும் பித்தளையிலும் காசு அடித்து, இதை வெள்ளி டங்காவுக்குச் சமமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டான். நம் சட்டைப் பையிலுள்ள நூறு ரூபாய் நோட்டு மட்டும் என்னவாம்? வெறும் காகிதம்தானே! சீனத்தில் குப்ளாய் கான் அதற்கு முன்பே காகிதப் பணத்தைச் செலாவணியில் விட்டிருந்தான். துக்ளக்கின் யோசனை தப்பில்லை, காசுதான் தப்பு. பித்தளையும் உலையும் உள்ளவன் எவனும் அதை அடித்துவிடலாம். வீட்டுக்கு வீடு நாணயசாலை முளைத்துவிட்டது என்கிற பொருள்பட அந்தக் காலத்துச் சரித்திர ஆசிரியர் பரணி எழுதி வைத்திருக்கிறார்.

பையன் துள்ளிக் குதித்தான். "அதைத்தான் மாமா நானும் சொல்கிறேன்! பிட்காயினில் போலி அடிக்க முடியாது. கணக்குப் புத்தகம் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. மொத்தமே 2 கோடியே 10 லட்சம் காசுதான். எந்த ஸுல்தானும் அதற்கு மேல் ஒன்றுகூட அடிக்க முடியாது!"

நல்ல அடி. ஒப்புக்கொண்டேன். 2009-ல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் யாரோ ஓட்டிவிட்ட அந்த யந்திரம், துக்ளக்குக்கு வந்த வியாதிக்கு நல்ல மருந்துதான். ஆனால் கதையின் பின்பாதியை அவன் கேட்கவில்லை.

திட்டம் பாழானதும் ஸுல்தான் என்ன செய்தான்? பித்தளையைக் கொண்டு வாருங்கள், பொன்னும் வெள்ளியும் தருகிறேன் என்று கஜானாவைத் திறந்துவிட்டான். அசலோடு போலியும் வந்து குவிந்தது. துக்ளகாபாத்தில் அது மலைமலையாகக் கிடந்ததாம். கஜானாவுக்குப் பெரிய நஷ்டம். ஆனால் ஜனங்கள் போய் நிற்பதற்கு ஒரு வாசல் இருந்தது.

"உன் காசுக்கு எந்த வாசல் அப்பா?" என்று கேட்டேன்.

சந்தைகள் இருக்கின்றன என்றான். இருந்தனதான். டோக்கியோவில் மவுண்ட் காக்ஸ் 2014-ல் விழுந்தபோது எட்டரை லட்சம் காசு காணவில்லை. 2022-ல் எஃப்.டி.எக்ஸ். கவிழ்ந்தது, அதன் அதிபருக்கு 2024-ல் 25 வருஷச் சிறை. அந்த வருஷம் ஜூலையில் நம் நாட்டு வாஸிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் களவு போயிற்று. பணம் போட்டவர்கள் எடுக்க வழியில்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

"அது சந்தையின் கோளாறு, காசின் கோளாறு இல்லை. சாவியை நாமே வைத்துக்கொள்ளலாம்."

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர் அவன் அப்பா. சாவிக்குரிய பன்னிரண்டு சொற்களை அவர் எங்கே வைப்பார்? தொலைத்தால் மனுப் போட ஓர் ஆபீஸ் உண்டா? வருமான வரிக்காரர் மட்டும் உண்டு. 2022 முதல் லாபத்தில் நூற்றுக்கு முப்பது. நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க அனுமதியில்லை. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இதை ஒரு சொத்து என்று சொல்லியிருக்கிறது. பணம் என்று சொல்லவில்லை.

"2021 நவம்பரில் 69,000 டாலர் விற்றது, ஒரே வருஷத்தில் 16,000-க்குக் கீழே போகவில்லையா?"

"2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டிற்றே மாமா! காத்திருந்தால் திரும்பி வரும்."

"அரங்கனே திரும்பி வர நாற்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. உன் அப்பாவுக்கு இப்போதே அறுபது."

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. தொன்னையில் புளியோதரையோடு மாடியேறி வந்த தகப்பனார், எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாதி வேண்டாம் அப்பா, பத்தில் ஒரு பங்கு போதும்" என்றான் பையன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தொன்னைக்குக் கையை நீட்டினேன்.