கார் ஏன் திக்குகிறது?

சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் ஸ்ரீபெரும்புதூரை நோக்கிக் காரில் செல்கிறீர்கள். முன்னே செல்லும் சரக்கு லாரியை முந்த எண்ணி முடுக்கியை அழுத்தி மிதிக்கிறீர்கள். கார் பாயவில்லை. மூச்சு முட்டியதுபோல் ஒரு கணம் தயங்கி, ஓர் உதறு உதறிய பிறகே வேகமெடுக்கிறது. ‘பிக்கப் இல்லை’ என்று பட்டறைக்காரர் சுருக்கமாகச் சொல்லிவிடுவார். பின்னால் மற்றொரு வண்டி விரைந்து வந்துகொண்டிருந்தால் அந்த ஒரு கணமே ஆபத்தாகிவிடும். அக்கணத்தை வெல்ல மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறு சுவையானது.

ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! அதாவது, 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறை நிறையக் காற்று. இவ்விரண்டையும் உரிய அளவில் கலந்து தருவதே கார்புரேட்டர் என்னும் எரி-வளி கலப்பியின் வேலை.

1893-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் தெளிப்புவகைக் கார்புரேட்டரை உருவாக்கினார். அதே ஆண்டில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் அத்தகைய கருவிக்குக் காப்புரிமை கோரினர். தத்துவம் எளியது. குறுகிய வழியில் செல்லும் காற்றின் வேகம் கூடும். அங்கே அழுத்தம் குறையும். அவ்விடத்தில் ஒரு நுண்குழாயை வைத்தால் பெட்ரோல் தானே மேலேறித் தூவலாகும். பழைய கொசு மருந்துப் பம்பு வேலை செய்வதும் இவ்வாறே.

ஆனால் திடீரென்று முடுக்கியை மிதித்தால் என்ன நேரும்? பெட்ரோலின் அடர்த்தி காற்றினுடையதைப்போல் ஏறத்தாழ 600 மடங்கு. இலேசான காற்று உடனே பாய்ந்து வந்துவிடும். கனத்த பெட்ரோல் பின்தங்கும். அத்துடன், உள்ளிழுகுழாயில் அழுத்தம் சட்டென்று உயர்வதால், வந்த பெட்ரோலிலும் ஒரு பகுதி குழாயின் சுவரில் படிந்துவிடும். ஆகவே உருளைக்குள் செல்லும் கலவை நீர்த்துப்போகும், சரிவர எரியாது. வண்டி திக்குவதன் காரணம் இதுவே.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட முதல் மருந்து முடுக்குப் பம்பு. முடுக்கியை மிதித்தவுடன் அது சிறிது பெட்ரோலைத் தனியாகப் பீய்ச்சும். நமது அம்பாசடர் காரின் மூதாதையான இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரில் இருந்த எஸ்.யு. கார்புரேட்டரில் வேறொரு தந்திரம் உண்டு. அதனுள் ஏறியிறங்கும் உந்தின் தண்டில் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். உந்து சட்டென்று மேலேறாதபடி அந்த எண்ணெய் தடுக்கும். அதனால் உறிஞ்சல் வலுத்துப் பெட்ரோல் கூடுதலாக வரும். எண்ணெய் வற்றினால் வண்டி திக்கும். ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்!

மருந்து கிடைத்தது, ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. தயக்கத்தைப் போக்கக் கலவையைத் தேவைக்கு மேல் செறிவாக்கினால், எரிந்து முடியாத எரிபொருளும் நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்சைடும் புகையில் வெளியேறும். ஓட்டுநருக்குச் சுகம், தெருவில் நடப்பவருக்குத் துன்பம். புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி வந்தபோது சிக்கல் முற்றியது. கலவை 14.7-ஐ ஒட்டி நின்றால்தான் அது திறமாக இயங்கும். அந்த நுட்பம் சாதாரணக் கார்புரேட்டருக்குக் கைவரவில்லை.

1967-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பை வெளியிட்டது. 1976-இல் வோல்வோ கார்களில் புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் உணரி பொருத்தப்பட்டது. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. ஈயம் அம்மாற்றியைக் கெடுத்துவிடும்.

இந்த மாறுதலின் நடுவில்தான் ஸ்ரீபெரும்புதூர் வரலாற்றில் நுழைகிறது. 1996-இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம், அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்து, 1998 செப்டம்பரில் சான்ட்ரோவை வெளியிட்டது. கார்புரேட்டர் இல்லாமல் ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினுடன் வந்த நம் நாட்டின் தொடக்ககாலச் சிறிய கார்களுள் அதுவும் ஒன்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. வாகனங்களைச் சோதிக்கும் உலகத்தர ஆய்வு மையம் ஒன்றும் ஒரகடத்தில் இயங்குகிறது.

புதிய கார்களில் முடுக்கியை மிதித்ததை உணரி ஒன்று கணிப்பொறிக்கு உரைக்கும். அது தெளிப்பானைச் சில ஆயிரத்திலொரு விநாடி கூடுதலாகத் திறந்து வைக்கும். பழைய பம்பின் வேலையை இப்பொழுது கணக்கு செய்கிறது.

அப்படியும் கார் திக்கினால்? ஸ்டியரிங்கின் கீழுள்ள இணைப்பில் சோதனைக் கருவியைச் செருகினால் பிழை எண் கிடைக்கும். ‘பி0171’ என்றால் கலவை நீர்த்திருக்கிறது என்பது பொருள். உடனே உணரியை மாற்றச் சொல்பவர் உண்டு, அது தவறு. எண் நோயின் அறிகுறியைச் சொல்லுமேயன்றி மூலத்தைச் சொல்லாது. வெடித்த ரப்பர் குழாய் வழியே காற்றுக் கசியலாம். பெட்ரோல் வடிகட்டி அடைத்திருக்கலாம். பம்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம். பிழை எண்ணே இல்லாவிட்டால் காற்று வடிகட்டி, தீப்பொறி பிளக்கு, கரி படிந்த காற்றுத் திறப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். செலவு குறைந்ததை முதலில் சோதிப்பதும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதும் நல்ல வழக்கம். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்பதும் இதே முறைதான் அல்லவா?

அடுத்த முறை கார் தயங்கும்பொழுது, காற்று முந்தியதா, பெட்ரோல் பிந்தியதா, தீப்பொறி தவறியதா என்று கேளுங்கள். பட்டறைக்காரரிடமும் அதையே கேளுங்கள். தேவையற்ற செலவு பெரும்பாலும் தவிரும்.