அப்பாவின் ஜனதாவும் ஒரு போலி பைலட்டும்

வீட்டுல எனக்கு வாட்ச் பைத்தியம்னு பேர். அலமாரியில பதினேழு வாட்ச் இருக்கு, கட்டறதுக்கு இருக்கறது ஒரு கை. அந்தப் பதினேழுல பதினொண்ணு ஹெச்.எம்.டி. வெளிநாட்டு வாட்ச் வாங்க வசதியில்லைங்கறதும் ஒரு காரணம்தான் (பொய் சொல்லக்கூடாது பாருங்க). ஆனா அது மட்டுமே காரணம் இல்லை. போன மாசம் ஒரு ஹெச்.எம்.டி. பைலட் வாங்கி நல்லா ஏமாந்தேன். ஏன் ஏமாந்தேன்னு புரியணும்னா அந்தக் கம்பெனி கதையையும் கொஞ்சம் சொல்லியாகணும்.

ஒரு காலத்துல இந்தியாவில் கைக்கடிகாரம்னா அது கப்பல்ல வந்த சாமான். வெஸ்ட் எண்ட், ஃபாவ்ர் லூபா, டைட்டோனி, எல்லாம் சுவிஸ் சரக்கு. அதைக் கட்டினவர் வக்கீலாவோ மிராசுதாராவோ இருப்பார். மத்தவங்களுக்குக் கோவில் மணியும் ஆலைச் சங்கும்தான். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் கடத்தல் சரக்குக்கு மவுசு கூடிச்சு. மெட்ராஸ் பர்மா பஜாரைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953-ல் பெங்களூரில் ஆரம்பிச்சது வாட்ச் செய்ய இல்லை. லேத்து, மில்லிங் மெஷின் மாதிரி, மத்த இயந்திரங்களைச் செய்யற இயந்திரங்களைச் செய்ய. அந்தக் கம்பெனிதான் ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து 1961-ல் கைக்கடிகாரத்துக்கு வந்தது. முதல் தொகுதியை வெளியிட்டவர் நேரு. அணை, உருக்காலை வரிசையில கைக்கடிகாரமும் அரசாங்கத்தோட வேலையா இருந்த காலம். இன்னிக்கு யோசிச்சா சிரிப்பு வரும். எனக்கென்னவோ அதில் ஒரு அழகு இருக்கறதாத்தான் படுது. பேரைப் பாருங்களேன், ஜனதா! ஒரு வாட்சுக்கு ‘மக்கள்’னு பேர் வைக்க எந்த சுவிஸ்காரனுக்குத் தோணும்?

அப்புறம் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக்னு ஆலைகள் வரிசையா வந்தது. ஸ்ரீநகர்ல லாபத்துக்காக மட்டும் வாட்ச் ஆலை வைக்கமாட்டாங்க. அங்கே வேலை கொடுக்கணும்ங்கறதும் கணக்குல இருந்தது. 1990-ல் அந்த ஆலையின் பொது மேலாளர் ஹெச்.எல். கேராவைத் தீவிரவாதிகள் கடத்திக் கொன்னாங்க. வாட்ச் கதையில இப்படி ஒரு பக்கமும் இருக்கு.

இப்போ மெஷினுக்கு வருவோம். (ரிப்பேர்காரங்க பாஷையில வாட்சுக்கு உள்ளே இருக்கறதுக்கு மெஷின்னுதான் பேர்.) ஜனதா, பைலட், கோஹினூர் மூணுக்கும் முகம்தான் வேற வேற. உள்ளே ஓடறது ஒரே குடும்பத்து மெஷின், சிட்டிசன் வடிவமைப்புல இருந்து வந்தது. பதினேழு கல், கையால சாவி கொடுக்கணும், மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு அஞ்சு. காதுல வெச்சா கேக்கற அந்த டிக் டிக் அதான். ஒரு தடவை முழுசா சாவி கொடுத்தா ஒரு நாளைத் தாண்டி ஓடும். கல்லுன்னதும் வைரம், மரகதம்னு நினைச்சுக்காதீங்க. செயற்கை ரூபி. சக்கரத்தோட அச்சு முனை தேயாம இருக்க வைக்கறது.

ஒரே மெஷின்ங்கறதோட அர்த்தம் பெருசு. ஒரு ஜனதாவுல ஸ்பிரிங் போனா, செத்துப்போன பைலட்ல இருந்து எடுத்துப் போடலாம். பேலன்ஸ், முள், கண்ணாடி எல்லாத்துக்கும் இதே கதைதான். சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால ஒரு கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரே, அவர்கிட்டயே ரிப்பேர் முடிஞ்சுரும். பெங்களூருக்கு அனுப்பவேண்டியதில்லை. முப்பது நாப்பது வருஷம் இந்த வாட்செல்லாம் ஓடினதுக்கு ஆலை பாதிக் காரணம்னா அந்தக் கண்ணாடிப் பெட்டி மீதிக் காரணம்.

சரி, அப்புறம் ஏன் போச்சு? குவார்ட்ஸ்! 1969 கிறிஸ்துமஸ் அன்னிக்கு செய்கோ அஸ்ட்ரான் வந்தது. நொடிக்கு அஞ்சு தடவை துடிக்கற பேலன்ஸ் எங்கே, 32,768 தடவை அதிர்ற படிகம் எங்கே (இந்த எண்ணிக்கை பின்னால வந்து நிலைச்சது). சுவிஸ்காரங்களே ஆடிப்போனாங்க. ஹெச்.எம்.டி. குவார்ட்ஸைக் கண்டுக்கவே இல்லைன்னு பலபேர் சொல்றாங்க, அது தப்பு. எண்பதுகளின் தொடக்கத்துலயே அவங்களும் குவார்ட்ஸ் விட்டாங்க. ஆனா மனசும் ஆலையும் சாவி கொடுக்கற வாட்சுலயே இருந்தது. 1984-ல் டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பிச்சாங்க. ஆலை நம்ம ஓசூர்ல. பெங்களூர் ஹெச்.எம்.டி.க்கு ஒரு மணி நேரப் பயணம்! செர்க்ஸஸ் தேசாய் தலைமையில அவங்க குவார்ட்ஸை மட்டுமே நம்பி இறங்கினாங்க. 1987-ல் முதல் ஷோரூம். கூடவே மொசார்ட் இசையோட விளம்பரம். ஹெச்.எம்.டி. நேரம் காட்டற கருவி வித்துச்சு, டைட்டன் பரிசுப்பொருள் வித்துச்சு. நான் டைட்டனைக் குறை சொல்லமாட்டேன், அவங்க செஞ்சது நல்ல வாட்ச். 2014-ல் ஹெச்.எம்.டி. வாட்சை மூடப்போற சேதி வந்ததும் ஜனங்க விழுந்தடிச்சு வாங்கினாங்க. 2016 ஜனவரியில மத்திய அமைச்சரவை முறைப்படி ஒப்புதல் கொடுத்துருச்சு.

நான் ஏமாந்த கதை இதுக்கு அப்புறம்தான் தொடங்குது. மூடின பொருளுக்கு மதிப்பு கூடுமில்லையா? ஒரே மெஷின், எல்லாப் பாகமும் எல்லாத்துக்கும் பொருந்தும்னு சொன்னேனே, வாட்சை வாழவெச்ச அதே குணம் போலி செய்யறவனுக்கும் வசதியாப் போச்சு. நாலு செத்த ஜனதாவைப் பிரிச்சு, கறுப்பு டயல் ஒண்ணைப் புதுசா அச்சடிச்சுப் போட்டா பைலட் ரெடி. எனக்கு வந்தது அப்படித்தான். பின்மூடியில எழுத்தெல்லாம் தேய்ஞ்சு கிடக்கு, கொக்கி போடற காது வழவழன்னு ஆயிருச்சு, ஆனா டயல்ல ஒரு புள்ளிகூட இல்லை. நாப்பது வருஷ வியர்வை அந்த டயலை மட்டும் எப்படி விட்டுவெச்சுது? காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வி எனக்குத் தோணலை. சிவப்பு, பச்சை, ஆரஞ்சுன்னு வானவில் கலர்ல ஹெச்.எம்.டி. பார்த்தீங்கன்னா கொஞ்சம் நிதானிங்க.

அந்த பைலட்டைத் தூக்கிக்கிட்டு மதுரையில எங்க பாய் கடைக்குப் போனேன். எழுபது வயசுக்கு மேல ஆகுது, இன்னமும் கை நடுங்காது. திறந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை, சிரிச்சார். அதுவே போதும்.

கூடவே அப்பாவோட ஜனதாவையும் கொண்டுபோயிருந்தேன். 1974-ல் கல்யாணத்துக்கு அம்மா வீட்ல போட்டது. டயல்ல எழுத்து தடிச்சுக் கோணலா இருக்கும், எப்பவோ மழையில நனைஞ்சதுக்கு அப்புறம் யாரோ திரும்ப எழுதினது. சேகரிக்கறவங்க கண்ணுல இது ஒரு ‘கெட்டுப்போன’ வாட்ச். 2014 கூட்டத்துல முண்டி ஒரு புது ஜனதா வாங்கி வெச்சிருந்தேன். அதோட டயலைக் கழட்டி அப்பா வாட்சுல போட்டு ‘ஒரிஜினல்’ ஆக்கிரணும்னு திட்டம்.

பாய் பின்மூடியைத் திறந்து, உள்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, லென்ஸை என் கையில கொடுத்தார். ஊசியால கீறின எழுத்து. 78, 83, 86, 91, 03. சர்வீஸ் பண்ணினவங்க வருஷத்தைக் கீறிவைக்கற பழக்கம் உண்டாம்.

“86 எங்க அத்தாவோட கை. டயலும் அப்பதான் எழுதியிருப்பாரு. இதை எடுத்துரவா தம்பி?”

நான் பதில் சொல்லலை. 91-க்கும் 03-க்கும் நடுவுல இருக்கற இடைவெளியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பன்னிரண்டு வருஷமும் அப்பா கையில டைட்டன். ஒருநாள் அதுல பேட்டரி தீர்ந்துபோய், மாத்தச் சோம்பல்பட்டு, பீரோவுல இருந்து ஜனதாவை எடுத்து சாவி கொடுத்தார். கடைசி வரைக்கும் அதையேதான் கட்டினார்.

“டயல் இருக்கட்டும் பாய், எண்ணெய் மட்டும் போட்டுக் கொடுங்க”ன்னேன்.

(வாட்ச் ஓடிக்கிட்டேதானே இருக்குன்னு சர்வீஸைத் தள்ளிப்போடாதீங்க. எண்ணெய் காஞ்சு போனாலும் ஓடும், ஆனா அச்சு முனை தேய்ஞ்சுக்கிட்டே ஓடும். நாலஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை திறந்து பார்க்கணும். நீங்களா திறந்து தேங்காயெண்ணெய் விடவே விடாதீங்க, நான் பத்தாங்கிளாஸ்ல விட்டு ஒரு வாட்சைக் கொன்னிருக்கேன். சாவியை தினமும் ஒரே நேரத்துல கொடுங்க, இறுகினதும் நிறுத்திருங்க.)

ஒரு வாரம் கழிச்சு வாங்கப்போனேன். மூடறதுக்கு முன்னாடி பாய் ஊசியை எடுத்து 03-க்குக் கீழே இந்த வருஷத்தைக் கீறினார். இருநூறு ரூபாய் வாங்கிக்கிட்டார். போலி பைலட்டையும் அவர்கிட்டயே விட்டுட்டு வந்தேன், மெயின்ஸ்பிரிங் நல்லா இருக்காம், யாருக்காவது ஆகும்னார். ஜனதா ஒரு நாளைக்கு நாப்பது நொடி பின்னால ஓடுது. காலையில காப்பி குடிச்சதும் சரிபண்ணிக்கறேன்.