உப்பும் நீரும் உயிரும்

செகந்திராபாத்தில் வாழும் நம்மவர்களுக்கு உஜ்ஜயினி மகாகாளி கோயில் போனாலுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலையில் பானை சுமந்து வரும் பெண்களைப் பார்த்தால், நம் ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பது நினைவுக்கு வரும். 1813-இல் இந்த இரட்டை நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது, உஜ்ஜயினிக்குப் போயிருந்த படையைச் சேர்ந்த ஒருவர் வேண்டிக்கொண்டு, பின்னர் அம்மனை இங்கே எழுந்தருளச் செய்தார் என்பது கோயில் வரலாறு. அந்நோய் காலரா என்று சொல்வாரும் உண்டு.

காலராவில் ஆளைச் சாய்ப்பது கிருமி மட்டுமல்ல; அதன் விளைவாக உடம்பிலிருந்து கொட்டிப்போகும் நீரும் உப்பும்தான். இதை முழுமையாகப் புரிந்துகொண்டு பயன்படுத்த மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய 140 ஆண்டுகள் பிடித்தன. செவிலியராக இந்நகரில் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, இந்த வரலாறு நம் வீடுகளுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை உண்டு.

1831-இல் வில்லியம் ஓஷானசி என்ற இளம் மருத்துவர், காலரா நோயாளிகளின் ரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். மறு ஆண்டு மே மாதம், ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா உப்புநீரை ரத்தக்குழாய் வழியே ஏற்றினார். முதல் நோயாளி ஒரு மூதாட்டி. கண் திறந்தார், தெம்பாகப் பேசினார். ஆனால் லாட்டா அந்தப் பக்கம் போனதும் பேதி திரும்பியது. மீண்டும் உப்புநீர் ஏற்றாததால் சில மணி நேரத்தில் இறந்துபோனார். எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு உள்ளே போகிறது என்று பக்கத்திலேயே இருந்து பார்க்க ஆள் வேண்டும். இன்று நாங்கள் எழுதும் 'இன்டேக் அவுட்புட் சார்ட்' அந்தக் கணக்குதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ், அடர்த்தி கூடிய உப்புநீரை ஏற்றிக் காலரா மரணங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். 1971-இல் வங்காள எல்லையில் உள்ள பங்காவ்னில் அகதிகள் குவிந்தபோது சலைன் பாட்டில்கள் தீர்ந்தன. அப்போது டாக்டர் திலீப் மகாலனபிஸ், உப்பும் குளுகோசும் சமையல் சோடாவும் கலந்த நீரை, உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. குடலில் குளுகோஸ் சோடியத்துக்குத் துணையாக உள்ளே போகிறது. இரண்டின் பின்னால் நீர் போகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். 2022-இல் மறைந்த அவருக்கு 2023-இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

ஆனால் நம்மாளுங்க இன்னும், "சிஸ்டர், ஒரு குளுகோஸ் பாட்டில் ஏத்துங்க, தெம்பு வந்துடும்" என்றுதான் கேட்கிறார்கள். அரை லிட்டர் 5 சதவீத குளுகோஸ் பாட்டிலில் இருப்பது வெறும் 25 கிராம் சர்க்கரை. உப்பு துளியும் கிடையாது. உப்பை இழந்தவருக்கு அதையே ஏற்றிக்கொண்டு போனால் ரத்தத்தில் சோடியம் மேலும் குறைந்து, குழப்பமும் வலிப்பும் வரலாம். உப்பு உள்ள சலைனும் அளவு மீறினால் இதயம் பலவீனமான பெரியவர்களுக்கு மூச்சு முட்டும்.

2009 மே மாதம் நம் ஹைதராபாத் போலக்பூரில் குடிநீர் கெட்டு உயிர்கள் போனதை மறக்க முடியாது. ஆகவே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அது இல்லாத நேரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதற்கு மேல் உப்பு வேண்டாம். குடிக்க முடிகிறவரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். குடிக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் நின்றாலோ, ஆள் மயங்கினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். பாட்டில் ஏற்ற வேண்டியது அப்போதுதான்.