திரையும் வாசலும்

சங்கீதத்துக்கு நிறமில்லை என்பது மேனாட்டுச் சாஸ்திரிய இசையுலகத்தார் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் கூற்று. அதனை உரைத்துப் பார்ப்பதற்கு நியூயோர்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவின் வரலாறு தகுந்ததோர் உரைகல்லாகும்.

1842 இல் நிறுவப்பெற்ற இக்குழு, கறுப்பினத்தவர் ஒருவரை நிரந்தர உறுப்பினராக ஏற்பதற்கு 120 ஆண்டுகள் சென்றன. 1962 இல் அவ்வாறு சேர்ந்தவர் வயலின் கலைஞர் சான்போர்ட் அலன். இத்தாமதம் இக்குழுவுக்கு மட்டும் உரியதன்று. மகத்தான பாடகி மேரியன் அன்டர்சனுக்கு 1939 இல் வொஷிங்டனின் கொன்ஸ்ரிற்றியூசன் மண்டபம் மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று 75,000 மக்கள் முன்னிலையில் பாடினார். மெற்றோபொலிற்றன் இசைநாடக அரங்கு அவரை மேடையேற்றிய 1955 இலோ அவருக்கு வயது 57. குரலின் இளமை கழிந்த பின்னரே கதவு திறந்தது!

1969 இல் செலோ வாத்தியக்காரரான ஏர்ல் மடிசனும், டபிள் பாஸ் வாத்தியக்காரரான ஆர்தர் டேவிசும் பில்ஹார்மோனிக் மீது இனப் பாகுபாட்டுக் குற்றஞ்சாட்டி நகர மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். முகம் தெரியாதபடி திரைக்குப் பின்னாலிருந்து வாசித்துக் காட்டுவோம் என்பது அவர்களது அறைகூவல். 1970 இல் வந்த தீர்ப்பு ஊன்றி நோக்கத்தக்கது. நிரந்தர இடங்களுக்கான தேர்விலே பாகுபாடு நிறுவப்படவில்லை. ஆனால் பதிலாட்களையும் மேலதிக வாத்தியக்காரரையும் அமர்த்துவதில் பாகுபாடு இருந்தது என ஆணைக்குழு கண்டது. பதிலாட்களை எவரும் பகிரங்கமாகத் தேர்வதில்லை. அறிந்தவர் அறிந்தவரை அழைப்பார். ஆசிரியர் தம் மாணவனை அனுப்புவார். அந்த நட்பு வட்டத்தினுள் கறுப்பினத்தவனுக்கு இடமேது? வழக்கின் பின்னர் டேவிசுக்கு வாய்ப்புகள் அருகின. அவர் உளவியல் பயின்று 1981 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பின்னாளில் திரை பரவலாயிற்று. காலணியோசை கூட ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடாதிருக்கக் கம்பளம் விரித்தனர். அமெரிக்காவின் தலைசிறந்த ஐந்து குழுக்களில் 1970 அளவில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாயிருந்த பெண்கள், 1990களின் நடுப்பகுதியில் ஏறத்தாழக் காற்பங்கினராயினர். இவ்வளர்ச்சியிலே திரைக்கும் பங்குண்டு.

கறுப்பினத்தவர் நிலையோ வேறு. நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதின்மூவராகிய அவர்கள், 2014 இல் அமெரிக்க வாத்தியக் குழுக்களில் 1.8 வீதத்தினரே. பில்ஹார்மோனிக்கில் 1969 இல் ஒருவர் இருந்தார். 2020 இலும் ஒருவரே இருந்தார்.

காரணம் யாது? திரை ஏற்படுமுன்னரே இசைக்கல்லூரிகளில் பெண்கள் நிறைந்திருந்தனர். தேர்வு மண்டபத்து வாசலில் காத்து நின்றவர்களுக்குத் திரை வழிவிட்டது. வாசல் வரை வரவே முடியாதவனுக்கு அது என்ன செய்யும்? பாலப்பருவத்திலேயே தனியாசிரியர் வேண்டும். நல்லதொரு வாத்தியத்தின் விலை தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும். தேர்வுக்கு ஊரூராகச் செல்லும் செலவும் பெரும்பாலும் கலைஞன் தலையிலேயே விழும். நிறத்தோடு வறுமையும் சேர்ந்து பூட்டிய கதவு இது.

இந்நிலைக்குப் பரிகாரமாகத் திரையையே நீக்கிவிடலாம் என 2020 இல் ஒரு வாதம் எழுந்தது. நல்லெண்ணத்தில் எழுந்ததெனினும் நாம் அதனை ஏற்பதற்கில்லை. 1970 இன் தீர்ப்பு பாகுபாட்டைக் கண்டது தேர்வே இல்லாத இடத்தில், அறிமுகமே தகுதியாக நின்ற இடத்தில் என்பதை இவ்வாதிகள் மறந்துவிட்டனர்.

2020 இல் இருந்த அந்த ஒருவர், 2014 இல் முதன்மைக் கிளாரினெற் கலைஞராக நியமனம் பெற்ற அன்தனி மக்கில். சிக்காகோவில் வளர்ந்தவர். 1979 இல் அந்நகரத்து அரசாங்கப் பாடசாலைகளில் இசைக்கல்வி வெட்டப்பட்டபோது, வசதியற்ற பிள்ளைகளுக்கென ஆரம்பிக்கப்பட்ட மெரிற் இசைப் பாடசாலையிலே அவர் பயின்றார்.